யாருக்கு வண்டி?

பையனுக்கு முதல் பைக் வாங்குவது என்று முடிவானதும், அவனைத் தவிர எல்லாரும் வண்டி பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அப்பாவுக்கு ஒரே கேள்வி: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" மிச்சமாகும் பெட்ரோலில் மாடி எடுத்துவிடலாம் என்று கணக்கு. விற்றால் என்ன விலை போகும் என்று வாங்கும் முன்பே விசாரிக்கிறார் மாமா. அம்மாவுக்கு வேகமே போகாத வண்டி வேண்டும். நண்பர்கள் 'கெத்து' பார்த்து 350 சிசி புல்லட்டைக் கைகாட்டுகிறார்கள். அது சுமார் 195 கிலோ; ஓட்டப்போகிறவன் 55. சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தவே ஆள் கூப்பிட வேண்டும்.

அவனுக்கு இரண்டு காலும் தரையில் எட்டுகிறதா, பிரேக்கில் ஏபிஎஸ் உண்டா என்று ஒருவரும் கேட்பதில்லை. சீட் கவரும் கிராஷ் கார்டும் பேரம் பேசி வாங்கியாயிற்று. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. ஹெல்மெட்டா? "பக்கத்துத் தெருவுக்குத்தானே!"

ஐயா, பெரியவர்களே, மைலேஜை அப்புறம் பாருங்கள். முதலில் பையனை வண்டியில் உட்காரவைத்துப் பாருங்கள். அப்படியே, லைசென்ஸ் எடுத்துவிட்டானா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.