எலிதானுங்கண்ணா!

சேலம், நாமக்கல் சீமையில் ‘முடியாது’ என்ற சொல்லே வாயில் வராத ஆள் ஒருவர் உண்டென்றால், அவர் கார் ஷோரூம் சர்வீஸ் அட்வைசர்தான். திருச்செங்கோட்டுப் பக்கமோ ராசிபுரத்துப் பக்கமோ மெக்கானிக்கல் முடித்த பையன். இன் பண்ணின சட்டை, கழுத்தில் அட்டை, கையில் டேப். சட்டையில் ஒரு பொட்டு ஆயில் இருக்காது.

“தம்பி, நாலு நாளா ஒரே பெட்ரோல் வாசம். காத்தால பாத்தா போர்ட்டிகோவுல சொட்டுச் சொட்டா நிக்குது.”

“பாத்தரலாங்கண்ணா.”

வண்டி லிஃப்டில் ஏறும். தம்பி செல்போன் டார்ச்சை அடித்து அண்ணாந்து பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். பிறகு, துக்கம் விசாரிக்கிற குரலில்:

“எலிங்கண்ணா.”

உற்பத்திக் குறை என்றால் கம்பெனி செலவு. எலி என்றால் நம் செலவு. வாரண்டியில் எலிக்கடி சேராது. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் தீவனத்துக்கு மக்காச்சோளமும் சோயாவும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. சேலத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு மலையாகக் குவிந்திருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு பெட்ரோல் ஹோஸைக் கடிக்க அந்த எலிக்கு என்ன வேண்டுதலோ!

“கவலைப்படாதீங்கண்ணா, இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாங்க” என்பார் அடுத்து. 1500 சிசிக்கு உட்பட்ட வண்டி என்றால் முதல் 1000 ரூபாய் நம் தலையில். ஜீரோ டெப் எடுக்காதவருக்கு ரப்பர் பாகத்தில் பாதி தேய்மானமாகக் கழியும். வருசக்கணக்காகச் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸும் அதோடு போச்சு. ஒரு முழம் ஹோஸுக்கு இந்தக் கணக்கு கட்டுமா என்று தம்பியைக் கேட்டால், “அது உங்க இஷ்டங்கண்ணா.”

பாவம், தம்பிக்கு வாய்த்த ஊர் அப்படி. லாரிக்கு பாடி கட்டுவதையும் போர்வெல் வண்டி ஓட்டுவதையும் பரம்பரையாகச் செய்கிற ஜனம். வந்தவர் இருபது வருசம் டேங்கர் ஓட்டினவராக இருந்து தொலைப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லிஃப்டுக்கு அடியில் அவரே நுழைவார். விரலால் துடைத்து மோந்து பார்ப்பார்.

“இங்க பாரு சாமி. ஹோஸ்ல ஒரு பல்லுத்தடம் இல்ல. கிளாம்பு லூசு. எலி என்ன, ஸ்க்ரூ டிரைவரோட வந்துச்சா?”

தம்பி அசரமாட்டார். “பெட்ரோல்ல இப்ப 20 சதம் எத்தனாலுங்கண்ணா, ரப்பர் ஊறிருதுங்க.” இ20 தாங்கும் என்று வண்டியின் பெட்ரோல் மூடியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை அண்ணன் தட்டிக் காட்டுவார். கையோடு ஒரு சரித்திரமும் எடுத்து விடுவார்: 2014இல் எரிபொருள் நிரப்பும் குழாயில் குறையிருக்கலாம் என்று மாருதி கம்பெனி தானாகவே 1,03,311 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. “அத்தனையிலயும் எலியா தம்பி?”

“மெயில் போட்டிருக்கனுங்கண்ணா. அப்ரூவல் வரட்டுங்க.”

இந்த மெயில் எங்கே போகிறது, யார் படிக்கிறார்கள் என்பதெல்லாம் தேவ ரகசியம். ஆனால் அதைத் துரிதப்படுத்த வழி இருக்கிறது. “எட்டு லட்ச ரூபா வண்டி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட 200 ரூபா ஃபீஸ். ரெண்டு வருசம் டைம் இருக்குது. எனக்கென்ன அவசரம்?” என்று அண்ணன் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து ஒரு டீ கேட்க வேண்டும். டீ ஆறுவதற்குள் அப்ரூவல் வந்துவிடும். காசு வாங்காமல் கிளாம்பை மாற்றி, வண்டியைக் கழுவியும் கொடுப்பார்கள்.

சாவியைக் கொடுக்கும்போதுதான் தம்பியின் முகம் முதல்முறையாக வாடும்.

“அண்ணா, கம்பெனியிலிருந்து போன் வருங்க. பத்துக்குப் பத்து சொல்லிருங்கண்ணா. எட்டு சொன்னாலும் எனக்கு சைபர்தானுங்க. இன்சென்டிவ்ல கை வெச்சிருவாங்க.”

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இளகின மனசு. பத்து கொடுத்துவிடுவார்கள். வாரண்டி முடிந்த மறுநாளே வண்டியை ஊர்ப் பட்டறைக்கு ஓட்டிப் போய்விடுவார்கள்.