ஜாய்-கான் புகழ்மாலை

வீட்டில் கருவி ஒன்று, பிள்ளைகள் இரண்டு. இந்தப் பழைய வழக்கைத் தீர்த்துவைத்த பெருமை நிண்டெண்டோவின் ஜாய்-கானுக்கு உண்டு. 2017 மார்ச் 3 அன்று அந்நிறுவனத்தின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி கடைக்கு வந்தபோது, அதன் 6.2 அங்குலத் திரையின் இருபுறமும் இந்தச் சிறு கைப்பிடிகள் செருகியிருந்தன. பின்னாலுள்ள பொத்தானை அழுத்தி மேலே தள்ளினால் கழன்று வரும். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தங்கைக்கு. கியோட்டோவில் 1889-ல் ஹனாஃபுதா சீட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம், சேர்ந்து விளையாடுவதன் சுகத்தை இன்னும் மறக்கவில்லை என்று பெற்றோர் மகிழ்ந்தார்கள். அந்தக் கைப்பிடியின் மற்ற குணங்களை யாரும் முறையாகப் பாடவில்லை. பாட வேண்டியவை நிறைய இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலானது அதன் தன்னூக்கம். உலகத்துக் கைப்பிடிகளெல்லாம் மனிதன் தொட்டால்தான் அசையும். ஜாய்-கானில் கட்டைவிரலால் அசைக்கும் குச்சி கொஞ்ச காலம் அப்படி அடங்கியிருந்துவிட்டுப் பிறகு விடுதலை பெற்றுவிடும். விரலை எடுத்த பின்னும் திரையில் பாத்திரம் நடந்துகொண்டே இருக்கும். செல்டா விளையாட்டில் மலை விளிம்பில் நின்று வழி பார்க்கும் லிங்க், யாரும் சொல்லாமலே பள்ளத்தை நோக்கி அடியெடுத்து வைப்பான். மரியோ கார்ட்டில் நேர்ச்சாலையிலும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஆடுகிறவர்கள் இதை டிரிஃப்ட் என்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை தன் திறமைதான் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அதே கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடித் தோற்கும். தோல்வியைத் தாங்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் இதைவிட வேறு யார்?

இந்த ஊக்கத்தின் ஊற்று மிக எளிமையானது. குச்சிக்கு அடியில் கரிப்பூச்சுப் பட்டை ஒன்று. அதன்மேல் உரசிச் செல்லும் சிறு உலோக நுனி ஒன்று. நுனி நிற்கும் இடத்துக்கு ஏற்ப மின்தடை மாறும்; குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதை வைத்துத்தான் கருவி கணக்கிடுகிறது. உரச உரசப் பூச்சு தேயும். தேய்ந்த பிறகு, நடுவில் நிற்கும் குச்சியும் சாய்ந்து நிற்பதாகவே கருவிக்குத் தெரியும். மற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் இதே வகைக் குச்சியைத்தான் வைக்கின்றன. ஆனால் டிரிஃப்ட் என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது ஜாய்-கான்தான். இத்தனை பேர் இருக்கும் களத்தில் தனிப்பெயர் எடுப்பது சாதாரணமல்ல.

இதில் ஒரு நீதியும் இருக்கிறது. வாங்கி அலமாரியில் வைத்துவிட்டவருக்கு ஜாய்-கான் பல்லாண்டு பழுதில்லாமல் இருக்கும். பள்ளி விட்டு வந்ததும் ஆசையாக அதை எடுக்கும் பிள்ளைக்குத்தான் முதலில் தேயும். யார் அதிகம் நேசிக்கிறாரோ அவரையே அது முதலில் தேடி வருகிறது.

நிறுவனத்தின் தத்துவத் தெளிவையும் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் ஓலெட் திரையோடு புதிய ஸ்விட்ச் வந்தபோது, அதை உருவாக்கியவர்களிடம் இந்தத் தேய்மானம் பற்றிக் கேள்வி வந்தது. கார் ஓடினால் டயர் தேயத்தானே செய்யும் என்ற பொருளில் பதில் வந்தது. உரசுவது தேயும் என்ற நிலையாமையை இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொள்ள எத்தனை வணிகர்களால் முடியும்? அதுவும், தண்டவாளத்தைத் தொடாமலே காந்த விசையில் மிதக்கும் ரயிலை 2015-ல் மணிக்கு 603 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டிய நாட்டில் இருந்துகொண்டு!

அடுத்தது புலனடக்கம். எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் காந்தப்புலத்தை மின்னோட்டத்தின் வழியே அறியும் விளைவைக் கண்டுபிடித்தது 1879-ல், நிண்டெண்டோ பிறப்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்னால். அந்த விளைவில் இயங்கும் குச்சியின் அடியில் ஒரு காந்தம், எதிரே ஓர் உணரி. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தொடாததால் உரசல் இல்லை, தேயும் பூச்சும் இல்லை. சேகா நிறுவனம் 1998-ல் ஜப்பானில் வெளியிட்ட ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவியின் கைப்பிடியில் இதைப் பொருத்தியே விற்றது. இத்தனையும் கண்முன் இருக்க, அதைத் தொடாமல் இருப்பதற்கு மன உறுதி வேண்டும். அந்த உறுதி எட்டு ஆண்டுப் புகார்களுக்குப் பிறகும் குலையவில்லை. 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்தது. அதிலும் ஹால் விளைவுக் குச்சி இல்லை என்று நிறுவனமே சொன்னது. ஆனால் காந்தம் இருக்கிறது. கைப்பிடியைக் கருவியின் பக்கவாட்டில் ஒட்டவைக்க வலுவான காந்தம் வைத்திருக்கிறார்கள். கடையில் செய்து காட்டும்போது டக்கென்று ஒட்டுவது அழகாகத்தான் இருக்கிறது.

கழற்றக்கூடிய கைப்பிடியின் பொருளாதார நன்மையும் குறைவில்லை. பழுதானால் முழுக் கருவியையும் தூக்கிப்போட வேண்டாம், கைப்பிடியை மட்டும் மாற்றலாம். அமெரிக்காவில் முதல் ஸ்விட்ச் 299.99 டாலருக்கு வந்தது. அப்போது தனியாக ஒரு ஜோடி ஜாய்-கான் 79.99 டாலர். கருவி விலையில் கால் பங்குக்கும் மேல். அவ்வளவு கொடுக்க முடியாத குடும்பங்களையும் மறக்காமல், 2019 செப்டம்பரில் ஸ்விட்ச் லைட் என்ற மலிவு வடிவத்தை 199.99 டாலருக்குக் கொடுத்தார்கள். அதில் கைப்பிடி கழலாது, உடலோடு ஒன்றியது. குச்சியின் தன்னூக்கம் அங்கும் உண்டு. எனவே பணம் குறைவாக உள்ள வீட்டுப் பிள்ளை, கைப்பிடிக்குப் பதிலாக முழுக் கருவியையும் பெட்டியில் கட்டிப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்.

தொண்டைமானின் ஆயுதச் சாலையில் மயிற்பீலி சூட்டி நெய் பூசிய வேல்களைக் கண்ட ஔவையார், அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்று சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. இன்று கொட்டிலில் கிடக்கும் பெருமை ஜாய்-கானுக்கே. அதியமானின் வேல் பகைவரைக் குத்திச் சிதைந்தது. ஜாய்-கான் ஒரு பிள்ளையின் கட்டைவிரல் பட்டுச் சிதைந்தது. அவ்வளவுதான் வேறுபாடு. வீட்டிலேயே திறந்து பார்க்கலாம் என்றால், மூன்று இறக்கை வடிவத் திருகு போட்டிருக்கிறார்கள். வீட்டுத் திருப்புளி அதற்குப் பொருந்தாது.

சட்ட அறிவையும் ஜாய்-கான் வளர்த்தது. 2019 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கருவியைத் தொடங்கும்போது ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திய ஒப்பந்தத்துக்குள், நீதிமன்றத்துக்குப் போகாமல் தனி நடுவரிடம்தான் போக வேண்டும் என்ற விதி இருந்ததை அதன்பிறகுதான் பலர் அறிந்தார்கள். 2020-ல் வழக்கு நடுவரிடம் அனுப்பப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் பங்குதாரர் கூட்டத்தில் நிறுவனத் தலைவர் ஷுன்தாரோ ஃபுருகாவா வருத்தம் தெரிவித்தார். வழக்கு நடப்பதால் அதற்குமேல் பேச இயலாது என்றார். வருத்தத்தை இவ்வளவு அளந்து செலவிடுவது சிக்கனத்தின் உச்சம்.

ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு சுமார் 25,000 புகார்களைத் திரட்டி 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. புகார் செய்தவர்களில் 88 சதவீதம் பேருக்கு வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் குச்சி கெட்டிருந்தது. 2023-ல், உத்தரவாதக் காலம் முடிந்தாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் குச்சித் தேய்மானத்தை இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிறுவனம் அறிவித்தது. ஆக, ஜாய்-கான் எல்லா நாட்டிலும் பாரபட்சமில்லாமல் தேய்கிறது. அதைச் சரிசெய்யும் கருணைக்குத்தான் எல்லைக்கோடு தெரிகிறது.

இந்த நிறுவனத்துக்குப் பிள்ளைகள்மீது அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஸ்விட்சின் விளையாட்டு அட்டை சிறியது. குழந்தை வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். அதனால் டெனடோனியம் பென்சோயேட் என்ற கடுங்கசப்புப் பொருளை அட்டைமேல் பூசியிருக்கிறார்கள். நாக்கில் பட்டவுடன் குழந்தை துப்பிவிடும். ஒரு குழந்தையின் நாக்கு வரை யோசித்த அந்த யோசனை உண்மையிலேயே உயர்ந்தது. கட்டைவிரலுக்கு வந்து சேர அதற்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

தாங்கும் பொருளைச் செய்யத் தெரியாதவர்களா இவர்கள்? 1989-ல் இவர்கள் அறிமுகப்படுத்திய கேம் பாய் கருவிகளில் ஒன்று வளைகுடாப் போரின்போது ராணுவக் குடியிருப்பில் பற்றிய தீயில் சிக்கியது. முகப்பு உருகிக் கருகியது. ஆனாலும் அது ஓடியது. நியூயார்க்கிலுள்ள தங்கள் கடையில் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, டெட்ரிஸ் ஓடிக்கொண்டிருக்க, பல ஆண்டுகள் காட்டினார்கள். கேம் பாயை உருவாக்கிய குழுவை நடத்திய குன்பெய் யொகோய், பழகித் தேர்ந்த, விலை இறங்கிய தொழில்நுட்பத்தைப் புது வழியில் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லிவந்தவர். ஹால் விளைவுக் குச்சி அப்படிப்பட்ட தொழில்நுட்பம்தான்: நூற்றைம்பது ஆண்டை நெருங்கும் அறிவியல், எப்போதோ விற்பனைக்கு வந்த பொருள்.

ஐரோப்பாவில் கிடைத்த இலவசப் பழுதுபார்ப்பு தானாகக் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கேட்டதால் கிடைத்தது. உங்கள் வீட்டிலும் லிங்க் தானே நடக்கத் தொடங்கியிருந்தால், பிள்ளையைத் திட்டாதீர்கள். ரசீதைத் தேடி எடுங்கள், இன்னொரு ஜோடி வாங்குவதற்கு முன்னால் நிறுவனத்துக்கு எழுதுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். நிண்டெண்டோவும் பக்கவாட்டில் வைத்த காந்தத்தைப் போல ஒன்றைக் குச்சிக்கு அடியிலும் வைக்கட்டும்.