எத்தனையாவது டேக்?

கன்சாஸ் சிட்டியில் ஜாஸ் பித்தரை அடையாளம் காண்பது சுலபம். பாட்டு ஓடும்போது கண்ணை மூடித் தலையாட்டுகிறவர் வெறும் ரசிகர். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து, “இது எத்தனையாவது டேக்?” என்று கேட்கிறார் பாருங்கள், அவர்தான் நம் ஆள்.

நம் ஆளுக்கு எழுபது வயது இருக்கும். ஊராருக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் பேட்டைக்கு ஒருவர் தேறுவார். கல்யாண நாளை மறக்கிற கணவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. மார்ச் 2. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ முதல் ஒலிப்பதிவு 1959இல் நடந்தது அந்தத் தேதியில்தான். குளிர் குறையட்டும் என்று மார்ச்சில் தேதி வைத்ததாகத்தான் மனைவி பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அமர்வு நடந்த ஏப்ரல் 22ஐயும் கைவசம் வைத்திருந்தாராம், சர்ச் கிடைக்காமல் போனால் உதவும் என்று.

அவருடைய தத்துவம் பெரியது. ஜாஸ் என்பது அந்த நொடியில் பிறப்பது, ஒரு முறை வாசித்ததை மறுமுறை அப்படியே வாசித்தால் அது ஜாஸே இல்லை, துணிந்தவனுக்குத்தான் அந்தச் சங்கீதம் என்பார். இதை அவர் சொல்கிற நேரம் காலை 7.10. ஏனென்றால் 7 மணிக்கு டோஸ்ட், 7.10க்குத் தத்துவம், 7.30க்குத் தபால் பெட்டி. இரண்டு துண்டு டோஸ்டுக்கு மேல் மூன்றாவது துண்டு தின்று யாரும் பார்த்ததில்லை. மனோதர்மத்துக்காக உயிரை விடுகிற இந்த மனிதர் ஒரு நாள்கூட வேறு வழியாகக் கடைக்குப் போனதில்லை.

ஊர் வரலாறு கேட்டால் அவரை நிறுத்துவது கஷ்டம். நாடு முழுக்க மதுவிலக்கு இருந்த காலத்தில் டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் பெரும்புள்ளியின் தயவில் கன்சாஸ் சிட்டி மட்டும் தாகமில்லாமல் இருந்தது. சாராயக்கடை விடிய விடியத் திறந்திருந்ததால் வாத்தியக்காரர்களுக்கும் விடிய விடிய வேலை. கவுண்ட் பேஸியும் லெஸ்டர் யங்கும் அப்படித்தான் இங்கே வளர்ந்தார்கள். 1936இல் ரெனோ கிளப்பில், தாளம் தவறிய ஒரு பையனின் காலடியில் டிரம்மர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி எறிந்தார். அந்தப் பையன்தான் சார்லி பார்க்கர். நம் ஆள் பிறந்தது அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து. ஆனால் அந்த சிம்பல் தரையில் விழுந்த சத்தத்தை வாயால் செய்து காட்டுவார். அதில் இரண்டு வகை உண்டு. எது சரி என்பதில் அவருக்கும் இன்னொரு நண்பருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வீட்டின் நிலவறை முழுக்க இசைத்தட்டுகள். அங்கே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இரவு பகலாக ஓடுகிறது. மேலே படுக்கையறை ஏசி மூன்றாவது கோடையாக ரிப்பேர். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ மட்டும் ஐந்து பிரதி. ஒன்று மோனோ. ஒன்று ஸ்டீரியோ. ஒன்றில் இரண்டாம் பக்கத்துப் பாட்டுகளின் பெயர் இடம் மாறி அச்சாகியிருக்கிறது. பிழையோடு இருப்பதால் அது ஒசத்தி. நான்காவது 1992க்குப் பிந்தியது. முதல் பக்கத்தைப் பதிவு செய்த இயந்திரம் வேகம் தப்பி ஓடியதால், முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே அந்தப் பக்கத்தைச் சற்றே உயர்ந்த சுருதியில் கேட்டுக்கொண்டிருந்தது. அதைத் திருத்தி வந்த பதிப்பு அது. “அப்படியானால் இதுதானே சரியானது, மற்றதெல்லாம் எதற்கு?” என்று மருமகன் கேட்டான். நல்ல பையன்தான், ஆனால் அதற்கப்புறம் நிலவறைக்கு அவனைக் கூப்பிடுவதில்லை. ஐந்தாவது பிரதி விருந்தாளிகளுக்கு இரவல் கொடுப்பதற்காக வாங்கியது. இதுவரை கொடுத்ததில்லை.

ப்ளூ நோட் கம்பெனி என்றால் நம் ஆள் எழுந்து நிற்காத குறைதான். அந்தக் கம்பெனிக்கு ஒலிப்பதிவு செய்த ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில் அப்பா அம்மா வீட்டுக் கூடத்தையே ஸ்டுடியோவாக்கி, 1950களின் தலைசிறந்த தட்டுகளை அங்கே பதிவு செய்தார். சோபா இருக்க வேண்டிய இடத்தில் டிரம்ஸ். பெற்றவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சரித்திரம் கவலைப்படவில்லை. இந்தக் கதை தெரிந்த நாளிலிருந்து நம் ஆள் கண் டாக்டரிடம் போனால், எழுத்துப் பலகையைப் படித்து முடித்ததும், “ராத்திரியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று நம்பிக்கையோடு கேட்பார். டாக்டர் மூன்று பேர் மாறிவிட்டார்கள்.

பத்திரிகையில் அவர் முதலில் படிப்பது காலமானார் பகுதி. வயது 88, கடற்படை, வங்கி வேலை, ‘இசையில் நாட்டமுடையவர்’ என்று இருந்தால் பேனாவால் வட்டம் போட்டுவிடுவார். சில வாரங்களில் பிள்ளைகள் வந்து வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் விலைச் சீட்டு ஒட்டி ‘எஸ்டேட் சேல்’ அறிவிப்பார்கள். காலை ஆறு மணிக்கே போய் வரிசை எண் வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்திருப்பார். கதவு திறந்ததும் வெள்ளிச் சாமான் பக்கம் ஒரு கூட்டம், கடிகாரம் பக்கம் ஒரு கூட்டம். நம் ஆள் மூட்டுவலியை மறந்து நேரே நிலவறைப் படியிறங்குவார்.

அங்கே பெட்டிக்குள் விரல்கள் நடப்பதைப் பார்க்க வேண்டும். உறையை வெளியே எடுப்பதில்லை. மேல் விளிம்பை விரல் நுனியால் தள்ளிக்கொண்டே போவார், வங்கிக் காசாளர் நோட்டு எண்ணுகிற வேகம். மிட்ச் மில்லரின் கிறிஸ்துமஸ் பாட்டு. உடம்பெல்லாம் கிரீம் பூசிய பெண் படம் போட்ட ஹெர்ப் ஆல்பர்ட் (1965இல் வந்த அந்தத் தட்டு இல்லாத நிலவறை அமெரிக்காவில் கிடையாது). மறுபடி மிட்ச் மில்லர். மறுபடி கிரீம். திடீரென்று விரல் நின்றது. ஹாங்க் மோப்லி, ப்ளூ நோட் 1568, 1957. ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏலம் போகிற உருப்படி. ஒட்டியிருந்த விலை ஒரு டாலர்.

முகத்தில் எதையும் காட்டக் கூடாது. அதுதான் தொழில் தர்மம். கொட்டாவி விடுவதுபோல் பாவனை செய்தார். சட்டைப்பையிலிருந்து பேனா அளவு டார்ச் வந்தது. லேபிளுக்கும் கடைசிப் பாட்டின் வரிக்கும் நடுவே வழவழவென்று ஒரு வெற்றிடம் இருக்கும். அசல் அச்சு என்றால் அங்கே, வளைத்துக் கிறுக்கின ‘பி’ எழுத்து மாதிரி, தட்டு அச்சிட்ட பிளாஸ்டிலைட் தொழிற்சாலையின் முத்திரை தெரியும். சேகரிப்போர் பாஷையில் அதற்குக் ‘காது’ என்று பெயர். உறைக்குள் கை விட்டு, காது தேடும் ஆவலில் தட்டை மெல்ல உருவினார்.

உள்ளே மிட்ச் மில்லர்.

வேறொருவராயிருந்தால் பெட்டியைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார். நம் ஆள் ஒரு டாலர் கொடுத்து வெறும் உறையை வாங்கினார். மிட்ச் மில்லரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். அவர் கணக்கு என்னவென்றால், மோப்லி உறைக்குள் மிட்ச் மில்லர் இருந்தால், ஏதோ ஒரு மிட்ச் மில்லர் உறைக்குள் மோப்லி இருந்தே தீர வேண்டும். வரவு இருந்தால் எங்கோ ஒரு செலவு இருக்கத்தானே வேண்டும். அன்றிலிருந்து எங்கே போனாலும் கிறிஸ்துமஸ் தட்டுகளை ஒன்று விடாமல் திறந்து பார்க்கிறார். வயதான காலத்தில் பக்தி வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் மரியாதை கூடியிருக்கிறது.

அவருக்குக் குலதெய்வம் பார்க்கர் என்றால், காவல் தெய்வம் டீன் பெனடெட்டி. 1947, 48இல் பார்க்கர் வாசித்த கிளப்புகளுக்கெல்லாம் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். பார்க்கர் வாசிக்கத் தொடங்கினால் கருவியை ஓடவிடுவார், அடுத்தவர் வாசிக்க வந்ததும் நிறுத்திவிடுவார். இப்படித் துண்டு துண்டாகச் சேர்ந்ததை 1990இல் மொசைக் கம்பெனி ஏழு சிடியாக வெளியிட்டது. பாட்டுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. நம் ஆள் இதை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்பார். மனைவி ஒரு முறை படியில் நின்று, “அந்த மனுஷனாவது நடுநடுவே நிறுத்தினான்” என்றார்.

ஜாஸ் போக அவருக்கு பேஸ்பால் பித்தும் உண்டு. அது எங்கே வந்தது என்கிறீர்களா? அதுவும் ஒரே ஊர் வியாதிதான். 18ஆம் தெருவும் வைன் தெருவும் சேருமிடத்தில் ஒரே கூரையின் கீழ் இரண்டு அருங்காட்சியகம்: ஒரு பக்கம் ஜாஸ், இன்னொரு பக்கம் கறுப்பின மக்களின் நீக்ரோ லீக் பேஸ்பால். பார்க்கர் 1953இல் டொராண்டோவில் வாசித்த பிளாஸ்டிக் சாக்சஃபோன் அந்த ஜாஸ் பக்கத்தில் இருக்கிறது. 1994 ஏலத்தில் 93,500 பவுண்டுக்கு நகரம் வாங்கியது. டொராண்டோ கச்சேரி நடந்த அதே இரவில் சிகாகோவில் மார்சியானோ–வால்காட் குத்துச்சண்டை. கச்சேரி அரங்கில் நிறைய நாற்காலி காலி. விளையாட்டு சங்கீதத்துக்குச் செய்த துரோகம் என்று இதைச் சொல்லும்போது நம் ஆள் குரல் தழுதழுக்கும். சொல்லிவிட்டு வாட்சைப் பார்ப்பார், ராயல்ஸ் ஆட்டம் ஆரம்பிக்கிற நேரம்.

ஆட்டம் பார்க்கிற முறையும் தனி. டிவியில் ஒலி கிடையாது. மடியில் ஸ்கோர் நோட்டு, கையில் சீவின பென்சில். ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து அங்கிருந்து முதல் பேஸுக்குப் போனால் 6-4-3. பேட்டர் மூன்றாவது ஸ்ட்ரைக்கை மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்றால் ‘கே’ எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். பக்கத்தில் தட்டு சுழலும்: ஒரு இன்னிங்ஸுக்கு எல்.பி.யின் ஒரு பக்கம். 2022இல் ஓர் ஆட்டம் சராசரி மூன்று மணி நாலு நிமிடம். ஒன்பதால் வகுத்தால் இருபது நிமிடச் சொச்சம்; எல்.பி. பக்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிரபஞ்சத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது. 2023இல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் பந்தை எறியத் தொடங்கியாக வேண்டும். ஆட்டம் இரண்டு மணி நாற்பது நிமிடமாகச் சுருங்கியது. இப்போது டெக்ஸ்டர் கார்டன் தட்டின் ஒரு பக்கம் முடிவதற்குள் அடுத்த இன்னிங்ஸ் தொடங்கிவிடுகிறது. அந்த வருஷம் ராயல்ஸ் 162 ஆட்டத்தில் 106 தோற்றது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1965இல், நீக்ரோ லீக்கில் பேர்போன பிட்சர் சாட்செல் பெய்ஜை 59 வயதில் அன்றைய ஊர் அணி களமிறக்கியது. அணி முதலாளி விளம்பரத்துக்காக மைதான ஓரத்தில் ஆடும் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். கிழவர் எழுந்து வந்து மூன்று இன்னிங்ஸ் எறிந்தார், கொடுத்தது ஒரே ஒரு ஹிட். அன்று மைதானத்தில் பத்தாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் ‘நான் இருந்தேன்’ என்று சொல்கிறவர்களை எல்லாம் உட்கார வைக்க அந்த மைதானம் போல மூன்று வேண்டும். நம் ஆள் நிஜமாகவே இருந்தார். பையனாகக் குறித்த ஸ்கோர் தாள் அத்தாட்சியாக இருக்கிறது, கடுகு சாஸ் கறையோடு. 2024இல் நீக்ரோ லீக் கணக்கையும் மேஜர் லீக்கில் சேர்த்து, நீக்ரோ லீக் ஆட்டக்காரர் ஜோஷ் கிப்சனின் .372 பேட்டிங் சராசரியை மேஜர் லீக் ஜாம்பவான் டை காப்புக்கு மேலே வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க இதற்காக வாதாடியவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். இனி யாரோடு சண்டை போடுவது?

நேரில் கேட்பதற்கும் போவார். ஹைலண்ட் அவென்யூவில் மியூச்சுவல் மியூசிஷியன்ஸ் ஃபவுண்டேஷன். முன்னாளில் கறுப்பின வாத்தியக்காரர் சங்கக் கட்டடம். வெள்ளி, சனி இரவு ஒரு மணிக்கு மேல்தான் அங்கே கச்சேரி சூடு பிடிக்கும். பத்து மணிக்குப் படுத்துவிடுகிற மனிதர் அலாரம் வைத்து எழுந்து, சட்டை மாற்றிக்கொண்டு போவார். நம் சபாவில் சமத்தில் தொடை தட்டிப் பழகியவர்கள் அங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தட்டு இரண்டாம் அடியிலும் நாலாம் அடியிலும்தான் விழ வேண்டும். ஒன்றிலும் மூன்றிலும் தட்டுகிறவனைத் திரும்பிப் பார்ப்பதற்கென்றே நம் ஆள் முன்வரிசையில் உட்காருகிறார். பாஸ் சோலோ வரும்போது ஊரே பேசும், ஐஸ் கட்டி கலகலக்கும். அவர் மட்டும் கோயிலில் நிற்கிற மாதிரி நிற்பார். ஒரு சின்னப் பெண் ஆல்ட்டோ சாக்சஃபோனில் பிய்த்து உதறினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவரும் தட்டினார், இரண்டிலும் நாலிலும். பிறகு அவளிடம் போய், “அந்த மூன்றாவது கோரஸை மறுபடி அப்படியே ஒரு முறை வாசிக்க முடியுமா?” என்று கேட்டார். தேதியோடு குறித்துக்கொள்ள நோட்டு கையில் இருந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

மகன்கள் இருவருக்கும் தட்டுகள் வேண்டாம். எல்லாம் போனிலேயே இருக்கிறதாம். கடைசியில் மனைவி வற்புறுத்தி ஒரு வியாபாரியை மதிப்புப் போட வரவழைத்தார். நம் ஆள் அவரைப் பரீட்சை வைத்துத்தான் உள்ளே விட்டார். ப்ளூ நோட் தட்டுகளில் லெக்ஸிங்டன் அவென்யூ முகவரி போட்ட லேபிள் முந்தியதா, 63ஆம் தெரு முந்தியதா? வியாபாரி சரியாகவே சொன்னார். மூன்று மணி நேரம் நிலவறையில் இருந்துவிட்டு ஒரு தொகையும் சொன்னார். தொகை நியாயமானது என்று மனைவி சொல்கிறார். “உறையில்லாத் தட்டும் தட்டில்லா உறையும் சேர்த்தா?” என்று கேட்டு, கேவலப்படுத்திவிட்டதாக நம் ஆள் கொதித்துப்போய் வாசல்வரை பின்னாலேயே வந்தார். வியாபாரியின் வேன் பின்கதவு திறந்திருந்தது. கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்தபோது கையில் இரண்டு மிட்ச் மில்லர்.