பழைய பிக்கப்புக்குப் புதிய மின்சாரம்

2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசலின் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியபின், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் காய்கறி மூட்டைகளும் பூக்கூடைகளும் சுமந்தே மூப்படைந்த பிக்கப்புகளை வீட்டு வாசலிலேயே மின்வண்டியாக்கிவிடலாம் என்னும் ஞானம் சிலருக்கு உதித்திருந்தால் வியப்பதற்கில்லை. எஞ்சினைக் கழற்றி, கியர்ப்பெட்டியோடு மின்மோட்டாரைப் பூட்டி, மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை முறைப்படுத்தும் கட்டுப்பாட்டுக் கருவியையும் பேட்டரிகளையும் பொருத்துவதே மின்மாற்றம் எனப்படுவது; கேட்பதற்கு எளிதுதான்.

மலிவு கருதி ஈய-அமில பேட்டரிகள், அதாவது எஞ்சினைக் கிளப்பப் பயன்படும் வழக்கமான பேட்டரியின் பங்காளிகள், தலா 30 கிலோவில் இருபது ஏற்றப்பட்டால், கிலோவுக்கு ஏறத்தாழ 30 வாட்-மணி என்ற கணக்கில் அந்த 600 கிலோ ஈயமும் 18 கிலோவாட்-மணியை, அதாவது இரண்டு லிட்டர் டீசலுக்கும் குறைவான ஆற்றலையே தேக்கிவைக்கும். மோட்டார் சிக்கனக்காரர் ஆதலால் ஐந்து லிட்டரின் வேலையை அது செய்துவிடும் என்றாலும், ஒரு டன் சுமக்கப் பிறந்த வண்டி பத்துமலைக் காவடிக்காரரைப்போலத் தன் நேர்த்திக்கடனையே சுமந்து ஊர்ந்துகொண்டிருக்கும். அடுக்குமாடியின் ஏழாம் மாடிச் சன்னலிலிருந்து சார்ஜ் கம்பியை இறக்குவது குறித்து நிர்வாகக் குழு கூறப்போவது தனி இலக்கியம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, எஞ்சின் எண் பொறித்த கெரான், அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், இருக்கிறது. எஞ்சினை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பதால், ஸ்பேனரை எடுக்குமுன் விண்ணப்பப் படிவத்தை எடுப்பது நல்லது.