பத்து வயதில் நுழைவுத் தேர்வு

கேள்வி: பன்னிரண்டு வயதில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா?

பதில்: படிப்பைப் பொறுத்தது. ரூத் லாரன்ஸ் என்ற சிறுமி 1981-இல், பத்து வயதில், ஆக்ஸ்போர்டின் கணித நுழைவுத் தேர்வு எழுதி 530 பேரில் முதலிடம் பிடித்தார். 1983-இல் அங்குள்ள செயின்ட் ஹியூஸ் கல்லூரியில் சேர்ந்து, மூன்றாண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முதல் வகுப்பில் முடித்தார். விரிவுரைகளுக்குத் தந்தையும் கூடவே போனார். பட்டம் என்னவோ மகளுக்கு மட்டும்தான்!

கணிதம் வயது கேட்பதில்லை, மருத்துவம் கேட்கும். இந்தியாவில் நீட் எழுத, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைய வேண்டும். மறுநாள், ஜனவரி 1-இல், 17 நிறையும் மேதை ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டில் கதை தலைகீழ்: உச்ச வயது உண்டு, குறைந்தபட்ச வயது கிடையாது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை அந்த ஆண்டோ முந்தைய ஆண்டோ எழுதியிருக்க வேண்டும்.