பட்டாணி அளவு சிக்கனம்

எனக்குப் பல் கிடையாது. மேலே பதினான்கு, கீழே பதினான்கு என்று வாயில் இருப்பதெல்லாம் செட். ராத்திரி கழற்றி எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். இப்படிப்பட்டவனிடம் பற்பசை வாங்கும் வேலையைக் கொடுத்தது, வழுக்கைத் தலையனைச் சீப்பு வாங்க அனுப்பிய கதைதான். ஆனால் தள்ளுபடி என்று எங்கே எழுதி ஒட்டியிருந்தாலும் மோப்பம் பிடிக்கிற மூக்கு மும்பை செம்பூர் சேடா நகரில் என்னை விட்டால் வேறு யாருக்கும் கிடையாது. அது என் மருமகளுக்குத் தெரியும்.

பேத்திக்கு நாலு வயது. போன வருஷம் ஆகஸ்டில் அவள் கடைவாய்ப் பல்லில் கடுகு அளவு கறுப்பாக ஒரு புள்ளி. பல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அந்தம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஃபுளோரைடு இருக்கிற பேஸ்ட்தானே போடுறீங்க?" என்று கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

வீட்டில் ஃபுளோரைடுக்குத் தடை போட்டிருந்தவள் அவள்தான். ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் மாமனார் பள்ளிக்கூட வாத்தியார். திருநெல்வேலிக்காரரை பென்னாகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தர்மபுரி ஜில்லாவின் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல் முளைக்கிற வயதில் வருஷக்கணக்காக அதைக் குடித்தால் பல்லில் பழுப்புப் பட்டை விழும், இன்னும் மிஞ்சிப்போனால் எலும்பே வளையும். எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலாவது அவள் வாயைத் திறந்து சிரித்திருக்க மாட்டாள். பெண்ணுக்கு ரொம்ப வெட்கம் என்று என் அம்மா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்கமெல்லாம் இல்லை, வாயைத் திறந்தால் என்ன மாதிரி பேசுவாள் என்பது கல்யாணமாகித் தாராவியில் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொடுக்கிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்று சேர்த்திருப்பார்கள். 2013இல்தான் அதைத் திறந்தார்கள். அதற்குள் இவள் பம்பாய்க்கு வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. டாக்டர் முன்னாலேயே கேட்டுவிட்டாள்: "எதுல இருந்து எங்க ஊரு பிள்ளைகளைக் காப்பாத்தணும்னு கவர்மெண்ட்டு காவேரியையே குழாய்ல கொண்டுவந்துச்சோ, அதை நான் காசு குடுத்து வாங்கி என் பேத்தி வாயில வைக்கணுமா?"

டாக்டரம்மா பொறுமைசாலி. "குழம்புக்கு உப்பு வேணும், அதுக்காக உப்பையே குழம்பா வைக்க முடியாதில்லையா, ஆச்சி?" என்றார். குடிதண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருந்தால்தான் ஆபத்து. மும்பைக்கு வருவது தான்சா, வைதர்ணா, பாத்சா ஏரித் தண்ணீர். அதில் ஃபுளோரைடு சொற்பம். பேஸ்ட்டில் இருப்பதோ விழுங்குவதற்கு அல்ல, பல்லில் பட்டுவிட்டு வெளியே துப்புவதற்கு. பிறகு ஒரு கதையும் சொன்னார். 1901இல் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் டாக்டர், அந்த ஊர்க்காரர்கள் பலருக்கும் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்து அசந்துபோனாராம். கறைக்குக் காரணம் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு என்று கண்டுபிடிக்க 1931 ஆகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே அவர் இன்னொன்றையும் கவனித்திருந்தார். கறை படிந்த பல்லில் சொத்தை விழுவது குறைவு.

என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு வயது அறுபத்தாறு. இன்னமும் தட்டை, சீடை, கை முறுக்கு எல்லாம் கடிப்பாள். நான் முறுக்கைக் காபியில் நனைத்துச் சாப்பிடுகிறவன். நாற்பது வருஷமாக அவள் பல்லைப் பற்றி என் வீட்டார் பேசின பேச்சுக்கெல்லாம் கொலராடோவிலிருந்து ஒருத்தர் வந்து பதில் சொல்லிவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது. ஃபுளோரைடு அந்த நிமிஷமே எங்கள் வீட்டில் அங்கீகாரம் பெற்றது.

என் பல் போன கதை வேறு. தாராவியில் நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் பேஸ்ட் என்ற வஸ்துவே கிடையாது. சாம்பல், உமிக்கரி, ஆளில்லாத நேரத்தில் செங்கல் தூள். ஊரிலிருந்து யாராவது வந்தால் கோபால் பல்பொடி வரும். ரோஜா நிறத்தில் தித்திப்பாக இருக்கும். பல்லில் தேய்த்ததைவிட வயிற்றுக்குள் போனதுதான் அதிகம். மாட்டுங்காவில் என்னோடு படித்த ஒரு பையன் வீட்டில் பினாக்கா பேஸ்ட். அந்த டப்பாவுக்குள் விரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் மிருகம் இலவசமாக இருக்கும். அவனிடம் யானை இருந்தது, ஒட்டகம் இருந்தது, ஒரு காண்டாமிருகம்கூட இருந்தது. ஒரு தரம் தொட்டுப் பார்க்க ஒரு பல்பம் கேட்பான். என் தள்ளுபடிப் பைத்தியத்துக்கு விதை போட்டது அந்தக் காண்டாமிருகமாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, குழந்தைகள் பேஸ்ட். இப்போதெல்லாம் அட்டையிலேயே கிராமுக்கு எவ்வளவு என்று அச்சடிக்கிறார்கள். என்னைப் போன்றவனுக்கு அது திருக்கோயில் கல்வெட்டு. கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு நின்று வாசிப்பேன். பெரியவர்கள் பேஸ்ட் கிராமுக்கு 60 காசு. டைனோசர் படம் போட்ட குழந்தைகள் பேஸ்ட் கிராமுக்கு 1 ரூபாய் 47 காசு. நம் நாட்டு விதிப்படி எந்த பேஸ்ட்டிலும் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது. நான் பார்த்த டைனோசரில் அதில் பாதிதான் இருந்தது. சரக்கு பாதி, விலை இரண்டரை மடங்கு. டைனோசருக்கு யாரோ சம்பளம் கொடுக்கத்தானே வேண்டும்!

80 கிராம் டப்பா 118 ரூபாய். வாங்கிவிடலாம் என்று பர்ஸைத் திறந்த சமயம், செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைகிறது என்று டிவியில் சொன்னார்கள். பர்ஸை மூடிவிட்டேன். 118 என்பது 105 ஆகும். 13 ரூபாய். "இன்னும் பதினெட்டு நாள்தானே, அதுவரைக்கும் புள்ள உப்பு வெச்சுத் தேய்க்கட்டுமே" என்று சொல்லிப் பார்த்தேன். மருமகள் பதில் பேசவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சப்பாத்திக்குப் பதில் பொரிவிளங்காய் உருண்டை வந்தது.

22ஆம் தேதி கழிந்தது. 105 ஆயிற்று. அதை 105 கொடுத்து வாங்க நான் எதற்கு? முதலில் தாராவி. 90 அடி சாலையில் எங்கள் ஊர்க்காரர் மளிகைக்கடை இருக்கிறது. அவர் எனக்கு அண்ணாச்சி, நான் அவருக்கு அண்ணாச்சி. எங்களில் யார் மூத்தவர் என்று இன்றுவரை தெரியாது. விஷயத்தைச் சொன்னேன். சங்கிலியாகத் தொங்கிய 10 ரூபாய்க் குட்டி பேஸ்ட்டுகளைக் காட்டி, "இங்க இதாம் போவும். இதுல தள்ளுபடி குடுத்தா நான் கடையத்தான் தள்ளணும்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அண்ணாச்சி, தள்ளுபடி குடுக்கவன் எதையோ தள்ளிவிடப் பாக்கான். சூதானம்" என்றார். பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும். அவர் பெரியவர்தானா என்பது தெரியாததால் கேட்கவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு மாட்டுங்காவில் ஒரு கடையில் கண்டேன். வாழையிலை, தோரணம், கதம்பம் எல்லாம் வாங்கும் அந்த மார்க்கெட் பக்கம்தான். கடைப் பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். அதற்கும் மேலே, தீபாவளிக் கழிவு 20 சதவீதம். எனக்குக் காது அடைத்தது. பன்னிரண்டு டப்பா எடுத்தேன். ஒன்பதுக்குத்தான் காசு: 945. அதில் 20 சதவீதம் போக 756. எனக்கு மிச்சம் 504 ரூபாய். கடைப் பையன் ஒரு பிளாஸ்டிக் டைனோசரை வேறு பைக்குள் போட்டான். அறுபது வருஷம் கழித்து எனக்கும் ஒரு மிருகம் கிடைத்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் கஃபே மெட்ராஸில் நுழைந்து ஒரு ரவா தோசையும் காபியும் சாப்பிட்டேன். பையைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். நின்றுகொண்டிருந்த குடும்பம் முறைத்ததால் பிறகு மடியில் வைத்துக்கொண்டேன். வீடு திரும்ப ஆட்டோ பிடிக்கலாம் என்றால், மாட்டுங்காவுக்குள் ஆட்டோ வராது, சயானோடு நின்றுவிடும். பஸ் ஏறி சயான் போய், அங்கிருந்து ஆட்டோவில் வந்து இறங்கி, அன்றைய நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். முப்பது வருஷம் கணக்கெழுதிய கை. போகும்போது ஆட்டோ 26, ரயில் 5, டிபன் 160, பஸ் 10, வரும்போது ஆட்டோ 120. ஆக 321. மிச்சமான 504இல் இது போக, நிகர லாபம் 183 ரூபாய்.

மருமகள் ஒன்றும் சொல்லாமல் டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்து வந்து நீட்டினாள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு. மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014இல் இருந்தே இதைத்தான் சொல்கிறது. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலையடித்தாற்போல் பிதுக்குகிறார்களே, அது பேஸ்ட் விற்பதற்கான அளவு.

"காஞ்ச பட்டாணியா, ஊற வெச்சதா?" என்று கேட்டாள் என் மனைவி. கேள்வி நியாயமானது. ஊறவைத்தால் இரண்டு மடங்காகும். சந்தேகமே வேண்டாம் என்று மருமகள் ஒரு காய்ந்த பட்டாணியை மாதிரிக்காகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் வைத்தாள். மூன்றாம் நாள் பேத்தி அதை மூக்கில் போட்டுக்கொண்டாள். அதை எடுக்க ஆன செலவை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

பட்டாணி அளவு பேஸ்ட் சுமாராகக் கால் கிராம். காலையும் ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு அரை கிராம். பன்னிரண்டு டப்பாவில் 960 கிராம். அதாவது 1920 நாள். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது வயது வரைக்கும் வாங்கிவிட்டேன். பரவாயில்லை, ஊறுகாய் மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தபோதுதான் என் மனைவி என் பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஃபுளோரைடு போட்ட பேஸ்ட் என்றால் காலாவதித் தேதியை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது விதி. அவர்கள் விதியை மீறவில்லை. டைனோசரின் வால் சுருண்ட இடத்தில், வாலோடு வாலாக, 02/26 என்று போட்டிருந்தார்கள்.

நாலு மாதம். நாலு மாதத்துக்குப் பேத்திக்குத் தேவை 60 கிராம். ஒரு டப்பாவே முடியாது.

"ஆக, கீழ்க் கடையில 105 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு டப்பாவ 1077 ரூபாய் குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். 756ஐயும் 321ஐயும் அவள் மனசுக்குள்ளேயே கூட்டியது எனக்கு ஆச்சரியம். வாத்தியார் மகள்.

தானம் தொடங்கிற்று. பக்கத்து ஃபிளாட் குஜராத்திப் பிள்ளைகளுக்கு இரண்டு. வாட்ச்மேன் பேரனுக்கு ஒன்று. தாராவியில் இட்லி போட்டு விற்கிற என் சித்தப்பா மகன் வீட்டில் ஐந்து உருப்படி, அங்கே மூன்று. அவன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வீட்ல விசேஷமா?" என்று கேட்டான். 90 அடி சாலைக் கடைக்கும் இரண்டு கொண்டுபோனேன், விற்றுப் பார்க்கச் சொல்லி. அண்ணாச்சி முதல் காரியமாகத் தேதியைத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டையும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு சாயா சொன்னார். அந்த நிமிஷத்திலிருந்து அவர்தான் மூத்தவர்.

கணக்குப்படி வீட்டில் நாலு டப்பா பாக்கி. ஒன்று பேத்தியுடையது. மூன்றை என்ன செய்வது? தூக்கிப் போட்டால் நோட்டுப் புத்தகத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஒரு ராத்திரி யாரும் பார்க்காதபோது செட்டைக் கழற்றி ஸ்ட்ராபெரி பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். மறுநாள் காலை ஃபில்டர் காபி ஐஸ்கிரீம் கடை வாசலில் நின்று குடிப்பது போல இருந்தது. பழகிவிட்டது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, மூன்றாவது டப்பா நடந்துகொண்டிருந்தபோது, பேத்தி தன் பிரஷ்ஷோடு வந்து முக்காலி போட்டு ஏறி என் பக்கத்தில் நின்றாள். நான் தேதிக்குள் தீர்த்துவிடுகிற அவசரத்தில், விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்க அலையடிக்கப் பிதுக்கியிருந்தேன்.

"தாத்தா, பட்டாணி!" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். ஆச்சியின் முகம்தான், பல் மட்டும் வெள்ளை. முக்கால்வாசியை விரலால் வழித்தேன். வீணாக்க மனம் வராததால், எவர்சில்வர் கிண்ணத்தையும் அதிலேயே விளக்கி வைத்தேன்.