டொல்பினிடம் வயது கேட்காதீர்

பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி வாகரைப் பக்கம் ஓடும் பழைய டொயோட்டா டொல்பின் வேன்களில் மீட்டர் எப்போதோ ஓய்வுபெற்றிருக்கும். ஆனாலும் விலை பேசும்போது எல்லா வேனும் ஒன்றரை லட்சம் கிலோமீற்றர்தான் ஓடியிருக்கும். மிச்சத் தூரமெல்லாம் இறக்கத்தில் உருண்டது போலும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய இலங்கை அரசு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தது. இடையில் வயது ஏற ஏற விலையும் ஏறியவை இரண்டு: பழைய சாராயம், பழைய டீசல் வேன்.

புகை மட்டும் பொய் சொல்லாது. கறுப்பென்றால் காற்று வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது இன்ஜெக்டர் கோளாறு. நீலமென்றால் ஒயில் எரிகிறது. வெள்ளை விடாமல் வந்து றேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். உரிமையாளரிடம் மூன்றுக்கும் ஒரே பதில்: "காலையில அப்படித்தான் தம்பி, சூடானாச் சரியாயிரும்." சூடானால்தானே வில்லங்கம்! டொயோட்டாவின் பழைய 2எல் எஞ்சின், சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பதற்குப் பேர்போனது.

1 லட்சம் கிலோமீற்றரில் டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்லி முன்னால் ஒரு விளக்கு எரியும். அதன்மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், பெல்ட் யார் பொறுப்பில் ஓடுகிறதென்று விளங்கிவிடும்.

பாலத்தடி வாவியின் உப்புக்காற்று அடித்தகட்டைத் தின்றிருக்கும். குனிந்து பார்ப்பவர் யார்? சீட் கவரைத் தடவுவார்கள், பாட்டைப் போடச் சொல்வார்கள். பாட்டு பலமாகக் கேட்டால் எஞ்சின் தட்டுவது கேட்காது. அதற்கும் சேர்த்துத்தான் விலை.